புத்தேய் நிமிர்ந்து நின்ற வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் சாதனை. அந்த நெருப்பைப் புட்டியில் அடைத்தது இரண்டாவது சாதனை. அடைத்த புட்டியைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டது மூன்றாவது, முடிவான சாதனை. முதல் இரண்டும் எங்கே நடந்தன என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. மூன்றாவது, 1959-ம் வருஷம் புதுச்சேரியில், எங்கள் 'திறந்தவெளி உல்லாச முகாம் சங்க'த்தின் மேற்பார்வையில் நடந்தது. நான் அதன் காரியதரிசி. ஆகவே தகராறுக்கு இடமில்லை.

சங்கத் தலைவர் மொசியே தெய்வசிகாமணி பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள், அவர் நாக்கிலிருந்து பிரெஞ்சு மட்டும் ஏற மறுத்துவிட்டது. கடல் தாண்டி சைகோனில் இருந்த அவருடைய மைத்துனர் ஒரு சாமான் அனுப்பியிருந்தார். இரும்பில் செய்த, குட்டையான, தொந்தி விழுந்த பாத்திரம். உள்ளே அடைத்த காஸ். கூடவே ஒரு குட்டி அடுப்பு. விறகு வேண்டாம், கரி வேண்டாம், திருகினால் எரியும். காஸ் தீர்ந்தால் திரும்பவும் நிரப்பிக்கொள்ளலாம்.

"எங்கே நிரப்பறது?" என்று கேட்டோம்.

"சைகோன்ல" என்றார் தலைவர், பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.

இங்கிலீஷ் படித்தவர்கள் அதை சிலிண்டர் என்பார்கள். தலைவர் காதில் அந்த வார்த்தை விழக்கூடாது. "மே நோன்! கிடையவே கிடையாது! இதும் பேரு புத்தேய். புத்தேய் த காஸ்!" என்பார். புத்தேய் என்றால் பிரெஞ்சில் புட்டி. எங்கள் ஊரில் பிரெஞ்சே படிக்காதவனுக்கும் அந்த ஒரு வார்த்தை தெரியும். கடைக்குப் போனால் கேட்க வேண்டுமல்லவா?

இந்த விஞ்ஞான முயற்சிக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருந்தது. தலைவரின் மகள் ரஞ்சிதத்துக்குக் கடலூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் வைத்திலிங்கத்தைப் பிடித்திருந்தது. அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. குறுக்கே நின்றது ஒரே ஓர் ஆள்: பையனின் அப்பா சக்கரபாணி. கடலூரில் 'மதுவிலக்குப் பிரசாரக் குழு'வின் தலைவர். எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், முழு மதுவிலக்கு. இந்தப் பக்கம் நாங்கள், தெருவுக்குத் தெரு கடை. "புதுச்சேரிக் குடும்பம்னா பழக்கவழக்கம் எப்படின்னு நேர்ல பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். ரஞ்சிதம் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

தலைவர் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார். கடலூர்க் கடற்கரையில் முகாம், சம்பந்திக்கு அழைப்பு, அவர் கண்ணெதிரே திறந்தவெளியில் காஸில் காபி. "காபி! வெறும் காபி! ஒரு சொட்டு வேற எதுவும் கூடாது!" உறுப்பினர்கள் கனத்த இதயத்தோடு சத்தியம் செய்தார்கள்.

பிறகு, புத்தேயை எப்படிக் கொண்டுபோவது என்ற விவாதம் தொடங்கியது.

"சீட்டுக்கடியில படுக்க வச்சுடலாம்" என்றார் உபதலைவர் கலியமூர்த்தி.

"படுக்கக்கூடாது. புத்தேய் எப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்."

"அப்போ மடியில வச்சுக்கலாமா?"

"உன் மடியிலயா?"

கலியமூர்த்தி தம் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டார். காருக்குள் வைத்தால் ஆபத்து, கூரைமேல் வைத்தால் திருஷ்டி என்று பேசிப் பேசி, கடைசியில் காரின் பின்புறம் இரும்புச் சட்டம் அடித்து, நிற்க வைத்து, சங்கிலியால் கட்டுவது என்று தீர்மானம் நிறைவேறியது. உழவர்கரைப் பட்டறையில் சட்டம் அடித்தார்கள். புத்தேயோடு பழகியவர்கள் ராத்திரியில் எந்த நிலையில் கிடப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். புதுச்சேரியின் வரலாற்றில் முதல் தடவையாக, ஒரு புத்தேய் கடைசிவரை நிமிர்ந்து நின்றது.

"அடுப்பெரிக்க நாலு கட்டு சவுக்கு மிலாறு எடுத்துக்கிட்டா ஆவாதா?" என்று கேட்டார் தலைவரின் மனைவி செல்வாம்பாள். விஞ்ஞானம் அறியாதவர் என்று மன்னித்துவிட்டோம்.

செல்வாம்பாள், ரஞ்சிதம் சகிதம் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். புத்தேய்க்கு மஞ்சள் துணி போர்த்தி, குங்குமம் வைத்து, கற்பூரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று காட்டினோம். தவளக்குப்பம் தாண்டி எல்லைச் சாவடியில் கான்ஸ்டபிள் கன்னியப்பன் கையைக் காட்டினார்.

"பின்னால முக்காடு போட்டுக்கினு நிக்குதே, என்னய்யா அது?"

தலைவர் மார்பை நிமிர்த்தினார். "புத்தேய் த காஸ்!"

கன்னியப்பன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "புட்டியும் தரேன், காசும் தரேன்றியா? ரெண்டு எதுக்குய்யா? நான் என்ன பேராசக்காரனா? எதுனா ஒன்னு குடு, போதும்."

அரசாங்க ஊழியர் ஒருவரின் இந்தத் தன்னடக்கத்தை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

"மே நோன்! காசு இல்ல. காஸ்! காஸ்!"

"காசு இல்லியா? அப்போ புட்டியக் கழட்டு."

"இது குடிக்கிறது இல்லய்யா, எரியறது!"

"எரியாத சரக்க எவன்யா குடிப்பான்?" என்று சொல்லிக்கொண்டே கன்னியப்பன் துணியை விலக்கித் திருகைத் திருகினார். உஸ்ஸென்று சீறியது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். கலியமூர்த்தியின் வாயில் புகைந்துகொண்டிருந்த பீடியைக் காணோம்; கலியமூர்த்தியையும் காணோம். இரண்டும் வாய்க்காலில் இருந்தன. தலைவர் பாய்ந்து திருகை மூடினார்.

"அடச் சே! இம்மாம் மட்டமான சரக்க நான் பார்த்ததே இல்ல. புட்டி புடிச்சேன்! புட்டி புடிச்சேன்!" என்று கன்னியப்பன் கூவினார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்களை எதிர்கொண்டு அழைக்க, கடலூர்ப் பக்கமிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார் சக்கரபாணி. வெள்ளைக் கதர், வெள்ளைத் தொப்பி. பின்னால் வெளிறிப்போன வைத்திலிங்கம். சக்கரபாணி புட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். குடி எப்படிக் குடியைக் கெடுக்கும் என்று ஒரு முழுப் பிரசங்கம் செய்தார். கூட்டம் கை தட்டியது. ரஞ்சிதம் காருக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிரசங்கம் முடிந்ததும் சக்கரபாணி, "நானே பரிசோதனை பண்றேன்" என்று கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். தலைவரைக் கையைப் பிடித்துக் காரின் பின்புறம் அழைத்துப்போனார். புத்தேய்க்குப் பொறுப்பாளி என்ற முறையில் நானும் போனேன்.

"பிரெஞ்சுச் சரக்குதானே?" என்றார் சக்கரபாணி, தாழ்ந்த குரலில்.

"சுத்தமான பிரெஞ்சு. காஸ்."

"அது சாவடிக்குச் சொல்றது. எனக்குச் சொல்லுங்க, உள்ள என்ன?"

"காஸ்தாங்க."

"வெறும் காஸா?"

"சத்தியமா. ஒரு சொட்டு வேற எதுவும் இல்ல. எங்க குடும்பத்தையே மோந்து பாருங்க."

சக்கரபாணியின் முகம் தொங்கிப்போயிற்று. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஏன் சார், நீங்களே சொல்லுங்க. கடலூர்ல பொண்ணு இல்லியா? பண்ருட்டில இல்லியா? அத்தனையும் வுட்டுட்டுப் புதுச்சேரில சம்பந்தம் பண்றது எதுக்குன்னு நெனச்சீங்க?"

சக்கரபாணி குதிரை வண்டிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். காருக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை, எங்கள் ஒழுக்கத்தால் நாசமாகிக்கொண்டிருந்தது.

அப்போது செல்வாம்பாள் கூடையோடு இறங்கி வந்தார். காபிப் பொடிக்கும் முறுக்குக்கும் நடுவிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். பிராந்தி.

"செல்வா! சத்தியம் பண்ணமே!" என்று அலறினார் தலைவர்.

"நீங்கதான் பண்ணீங்க. இது டாக்டர் குடுத்தது. எனக்கு வயித்துல கேஸ் டிரபிள் தெரியாதா? உங்க காஸு அந்தப் புத்தேய்ல. என் காஸுக்கு இந்தப் புத்தேய்." சம்பந்தி பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்களுக்கும் வாயுத் தொந்தரவு இருக்குமே?"

"ரொம்ப நாளா, தங்கச்சி" என்றார் சக்கரபாணி. கண் கலங்கியிருந்தது.

சற்றுப் பொறுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் முன் வந்தார். "நேரடியாப் பரிசோதிச்சுட்டேன். சந்தேகமே இல்ல. காஸ்தான்!" கன்னியப்பன் சல்யூட் அடித்தார். வைத்திலிங்கம் சிரித்தான். காருக்குள் விசும்பல் நின்றது.

முகாம் அமோகமாக நடந்தது. அடுப்பைப் பற்றவைக்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. செல்வாம்பாள் சவுக்கு மிலாறு பொறுக்கி வந்து காபி போட்டார். ஆவணியில் கல்யாணம்.

இன்று எங்கள் சங்கத்தில் சேர இடமில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள். ஒவ்வொருவர் கார் முதுகிலும் இரும்புச் சட்டம். ரெட்டியார்பாளையத்துப் பட்டறையில் அதே தொந்தியோடு செய்த தகரப் புத்தேய். அதன்மேல் மஞ்சள் துணி. சனிக்கிழமை காலியாக வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். சாவடியில் கன்னியப்பன், "காஸா சார்? போங்க" என்கிறார். இப்போது அவருக்கும் வாயுத் தொந்தரவு.

கடலூரில் வருஷா வருஷம் மதுவிலக்கு வாரம் கொண்டாடும் செலவு முழுவதும் எங்கள் சங்கத்துடையது. மதுவிலக்கு இல்லாவிட்டால் சங்கம் ஏது? மேடை ஏறும் முன் சம்பந்தி சக்கரபாணி தொண்டைக்கு இதமாக ஒரு மடக்கு 'காஸ்' கேட்பார். தட்டாமல் கொடுக்கிறோம். அவர் தொண்டை கட்டிக்கொண்டால் நாட்டில் குடியை ஒழிப்பது யார்?