விளக்கு சரியாகும் வரை

1958 செப்டம்பர் 8, திங்கள். இன்று ஒரு சிறு பிழை செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மாலை வகுப்புக்கு வந்திருந்த மாணவர்கள் பத்தொன்பது பேர். தீர்மானத்துக்கு ஆதரவு என்று நான் குறிப்பேட்டில் எழுதியது நாற்பத்தொரு கைகள். கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன். கூட்டல் சரி. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு உறுத்துகிறது. ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்னவோ. நாளை கேட்க வேண்டும்.

அந்த ஆண்டு உலகத்தில் மகத்தான ஆட்சிகள் இரண்டு தோன்றின. ஒன்று, ஆப்பிரிக்காவில் மொராந்தா என்ற நாட்டில். மற்றது, ஒசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த புளிக் கிடங்கில். முதல் ஆட்சிக்கு டாங்கிகளும் துப்பாக்கிகளும் தேவைப்பட்டன. இரண்டாவதற்கு ஒரு பென்சில் போதுமாக இருந்தது.

அந்தப் பென்சில், மேலே உள்ள நாட்குறிப்பை எழுதிய முனிவேலுடையது. வயது இருபத்தொன்று. மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஓட்டுத் தொழிற்சாலையில், சூளைக்குள் போகும் ஓடுகளை எண்ணுவது அவன் உத்தியோகம். எண்ணியதை மறுபடி எண்ணுவான். இரண்டும் ஒன்றாக வந்தால், இரண்டு முறையும் ஒரே தப்பைச் செய்திருப்போமோ என்று மூன்றாவது முறை எண்ணுவான். இப்படிப்பட்டவனைத்தான் வகுப்புக் கூட்டங்களின் நடவடிக்கைகளை எழுதுவதற்கு நியமித்திருந்தார்கள். நாகரிகம் நிலைத்திருப்பது இத்தகைய இளைஞர்களால்தான்.

மாலை ஆறரைக்கு வகுப்பு. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனியாகப் போகிறவர்களுக்காகத் திம்மராயன் வாத்தியார் நடத்தினார். சாதுவான மனிதர். மாணவர்களில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. பெரும்பாலோருக்கு மூன்றுமே வரும். ஆனாலும் யாரும் விட்டுப்போகக் கூடாது என்று வாத்தியார் எந்த அறிவிப்பையும் மூன்று முறை வாசிப்பார். ஒவ்வொரு முறையும், "புரிஞ்சுதா?", "அர்த்தமைந்தா?", "அர்த்த ஆய்தா?" என்று கேட்பார். புரிந்தவர்கள் கை தூக்க வேண்டும். அது வகுப்பின் வழக்கம்.

முதல் கால் மணி நேரம் உலகச் செய்தி. பெங்களூர் பஸ்ஸில் வரும் பத்திரிகையை வாத்தியார் வாசிப்பார். செப்டம்பர் முதல் வாரத்தில் மொராந்தாவின் கர்னல் இசாக்கா அரண்மனையைப் பிடித்த செய்தி வந்தது. தானியப் பஞ்சம் தீரும் வரை, "தற்காலிகமாக" நாட்டின் எல்லாப் பொறுப்பையும் தானே சுமக்க அவர் பெரிய மனதுடன் முன்வந்திருந்தார்.

கிடங்கின் மூலையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். ஹவில்தார் கோவிந்தப்பன். யுத்தத்தில் கோவேறு கழுதைப் படையில் இருந்தவர். இப்போது கிடங்கின் காவலாளி. வகுப்பில் சேராதவர். ஆனால் சாவி அவரிடம் இருந்ததால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

"இசாக்காவா? அட, நம்ம பையன்! யுத்தத்தப்போ அபிசீனியாவுல என் கழுதைக்குத் தண்ணி காட்டினவன். அப்பவே சொன்னேன், 'டேய், நீ பெரிய ஆளா வருவே'ன்னு."

"எந்த பாஷையில சொன்னீங்க?" என்று கேட்டாள் சாந்தம்மா. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. வயது இருபத்தெட்டு. எட்டாவது தேறினால் அவளுக்குத் தாதிப் பயிற்சியில் இடம் உண்டு.

"மிலிட்டரி பாஷையில" என்றார் ஹவில்தார்.

அதே வாரம் வகுப்பின் பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேன்டில் என்கிற வலைத் திரி மூன்று தடவை உதிர்ந்தது. புது மேன்டில் யார் வாங்குவது என்று ஆளுக்கொரு பேச்சு. மூன்று பாஷையிலும் வாக்குவாதம். நாலாவது நாள் ஹவில்தார் நடுவில் வந்து நின்றார்.

"ஆளாளுக்குக் கத்தினா விளக்கு எரிஞ்சிடுமா? ஒரு கட்டுப்பாடு வேணாமா? எங்கிட்ட விடுங்க. பத்தே நாள்."

செப்டம்பர் 8 அன்று தீர்மானம் வந்தது: "விளக்கு சரியாகும் வரை, தற்காலிகமாக, வகுப்பின் சகல அதிகாரங்களும் ஹவில்தார் அவர்களிடம் இருக்கும்." வாத்தியார் தமிழில் வாசித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். எட்டுக் கைகள். எதிர்ப்பவர்கள்? பதினொரு கைகள். பிறகு வழக்கப்படி தெலுங்கில் வாசித்து, "அர்த்தமைந்தா?" என்றார். பதினேழு பேர் கை தூக்கினார்கள். கன்னடத்தில் வாசித்தார். பதினாறு பேர். முனிவேல் எட்டையும் பதினேழையும் பதினாறையும் கூட்டினான். ஆதரவு நாற்பத்தொன்று; எதிர்ப்பு பதினொன்று. முடிவு மட்டும் அறிவிக்கப்பட்டது: தீர்மானம் நிறைவேறியது. "புரிந்துகொண்டது" எல்லாம் "ஒப்புக்கொண்டது" ஆகிவிட்ட அந்த நொடியில் ஒசூர் தாலுகா உலக அரசியலில் காலடி வைத்தது.

புதிய ஆட்சியின் முதல் உத்தரவு: விளக்கு பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயமாதலால் அதை யாரும் தொடக் கூடாது. ஹவில்தாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிம்னி விளக்கு எரியும். மற்றவர்கள் அந்த வெளிச்சத்தின் திசையைப் பார்த்துப் படிக்கலாம்.

இரண்டாம் நாள் நூர் முகமது கையில் சிறு பொட்டலத்தோடு வந்தார். அவர் வாடகை விளக்கு, வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். நாற்பது வயதில் படிக்க வந்தவர்.

"என்ன பாய் கையில?"

"மேன்டில், ஹவில்தார் சாப். புதுசு. கடையில சும்மாத்தான் கிடந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல கட்டிடறேன்."

"கட்டினா?"

"எரியும்."

"எரிஞ்சா?"

"வெளிச்சம் வரும்."

"வந்தா?"

நூர் முகமது யோசித்தார். "விளக்கு சரியாயிடும். உங்க தீர்மானமும் முடிஞ்சிடும்."

"பாத்தீங்களா!" என்று ஹவில்தார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சதியை அவர் வாயாலயே சொல்லிட்டாரு!"

நூர் முகமது வகுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மேன்டில் "தடயப் பொருளாக" ஆணியில் தொங்கவிடப்பட்டது. முனிவேல் இதை அழகாக எழுதினான். ஹவில்தார் குறிப்பேட்டைச் சிம்னியருகே பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த மாதிரி கையெழுத்து ஆர்மி ஹெட்குவார்ட்டர்ஸ்லயே கிடையாதுடா."

முனிவேலின் காது வரை சிவந்துவிட்டது. அன்று கேட்கவேண்டியதை அவன் கேட்கவில்லை.

செப்டம்பர் 18. பத்து நாள் முடிந்தது. விளக்கு இன்னும் சரியாகவில்லை. ஆகவே அதிகாரம் நீடிக்கிறது. இதில் தர்க்கப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிழை இருந்தால் அது முதல் பக்கத்தில்தான் இருக்கும். நாளை கேட்க வேண்டும்.

மொராந்தாவில் எது நடந்தாலும் அடுத்த நாளே அது ஒசூரிலும் நடந்தது. கர்னல் தன்னை ஜெனரலாக உயர்த்திக்கொண்டார். ஹவில்தார் தன்னைச் சுபேதாராக உயர்த்திக்கொண்டார். ஜெனரலுக்குப் புதுப் பதக்கம் வந்தது. இவர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய், மாட்டு அலங்காரச் சாமான் விற்கும் இடத்தில் பித்தளை வில்லை ஒன்றை வாங்கி மார்பில் குத்திக்கொண்டார். அதில் சின்ன மணி ஒன்றும் இருந்தது. ஆட்சி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இருட்டிலும் மக்களுக்குத் தெரிய அது உதவியது.

மொராந்தாவில் தணிக்கை வந்ததும் இங்கே அல்ஜீப்ரா தடைசெய்யப்பட்டது.

"யாருப்பா இந்த எக்ஸ்?" என்று விசாரித்தார் சுபேதார்.

"அது தெரியாத ஒண்ணுங்க. கண்டுபிடிக்கணும்" என்றார் வாத்தியார்.

"பேரு ஊரு தெரியாத ஆளை ரெண்டு மாசமா உள்ள வெச்சிருக்கீங்க. எனக்கு ரிப்போர்ட் இல்லை!"

சுவரில் ஜெனரலின் படம் ஏறியது. பத்திரிகையில் வந்த புகைப்படம். ஜீப்பிலிருந்து சிலர் இறங்குகிறார்கள். சட்டத்துக்குள் அடங்குவதற்காகச் சுபேதார் அதைக் கத்தரித்து ஒட்டியிருந்தார். நடுவில் நின்ற உருவத்துக்குத் தினமும் எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். வகுப்புக்கு முன்னால், பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும் அரை மணி நேரம் முற்றத்தில் அணிவகுப்பு. இருட்டிய பிறகு படிப்பு.

சாந்தம்மா மட்டும் வார்டில் வேலை முடிந்ததும் அங்கேயே படிக்கட்டு விளக்கடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டாள். பரீட்சைக்குத் தயாரானவள் அந்த வருடம் அவள் ஒருத்திதான். முனிவேல்கூடத் தனக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். நவம்பர் 15, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பம் சேலம் போய்ச் சேர வேண்டும். வகுப்பின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாளர் இப்போது சுபேதார்.

"போடறேன்மா. ஆனா ஒண்ணு. இசாக்கா ஆயுசு பூரா ஆளணும்னு அந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போடறாங்க. வெள்ளிக்கிழமை நம்ம வகுப்பும் எனக்குப் போடட்டும். அப்புறம் கையெழுத்து."

"அதுக்கும் என் பரீட்சைக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"விசுவாசம்" என்றார் சுபேதார். மணி குலுங்கியது.

வியாழக்கிழமை மாலை வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்று அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தவளிடம் முனிவேல் போனான். குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

"அக்கா, இதுல ஒரு சின்னத் தப்பு."

அவள் அதைத் தெருவிளக்கில் பிடித்து வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

"எட்டுப் பேருதான் சரின்னாங்களா? நாங்க பதினோரு பேரு வேணாம்னோமே!"

"ஆமாங்கக்கா."

"அப்ப எனக்குத் தெலுங்கு புரிஞ்சதுதான் நான் செஞ்ச குத்தமா?"

"கூட்டல் சரிதாங்கக்கா, ஆனா..."

"வாயை மூடுறா" என்றாள் சாந்தம்மா. அதன் பிறகு அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தெருத் தெருவாக நடந்து, வகுப்பில் படிப்பவர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை. கிடங்கு நிறைந்திருந்தது. நூர் முகமதுகூட வாசலில் வந்து நின்றார். மொராந்தாவில் தொண்ணூற்றொன்பதே முக்கால் சதவீதம் பேர் ஜெனரலை ஆயுள் முழுதும் வேண்டியிருப்பதாக வாத்தியார் வாசித்தார். சுபேதார் முனிவேலின் தோளில் கைபோட்டு, காதோரம் குனிந்தார்.

"அன்னைக்கு எண்ணின மாதிரியே எண்ணு தம்பி."

அறுபத்தேழு நாளாக அந்தப் பிழை தனக்கு மட்டுமே தெரியும் என்று முனிவேல் எண்ணியிருந்தான். அதுவும் தப்பு.

"ஆதரவு எதிர்ப்புன்னு நேரத்தை வீணாக்க வேணாம்" என்று சுபேதார் அறிவித்தார். "வாத்தியார் வாசிப்பாரு. புரிஞ்சவங்க கை தூக்குங்க. அது போதும்."

வாத்தியார் தமிழில் வாசித்தார். "புரிஞ்சுதா?"

ஒரு கையும் எழவில்லை. சாந்தம்மா மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் புரியலீங்க."

"எனக்கும் புரியலீங்க" என்றது பின்வரிசை.

தெலுங்கில் வாசித்தார். "அர்த்தம் காலேது" என்று பத்துப் பன்னிரண்டு குரல்கள். கன்னடத்தில் வாசித்தார். "அர்த்த ஆகலில்ல, சுவாமி." பிறந்ததிலிருந்து மூன்று பாஷையில் சண்டை போட்டு வளர்ந்த ஒரு ஊருக்கு, ஒரே மாலையில், ஒரு பாஷையும் தெரியாமல் போயிற்று.

சுபேதாருக்கு வியர்த்தது. மிலிட்டரி பாஷைக்குப் போனார். "சமஜ் மே ஆயா?"

வாசலிலிருந்து நூர் முகமது பணிவாகச் சொன்னார்: "நை ஆயா, சாப்."

"டேய், எழுது!" என்று முனிவேலைப் பார்த்துக் கத்தினார் சுபேதார். "நாப்பத்தொண்ணு!"

முனிவேல் எழுந்து நின்றான். "கூட்டிப் பாத்தேங்க. ரெண்டு தடவை சரிபாத்தேன். பூஜ்யம்தாங்க வருது."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் நூர் முகமது உள்ளே வந்து, ஆணியிலிருந்த தடயப் பொருளை எடுத்து விளக்கில் கட்டிவிட்டார். சொன்னபடி இரண்டே நிமிஷம். பம்ப் அடித்ததும் கிடங்கு முழுக்க வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. எல்லோரும் முதலில் பார்த்தது சுவரிலிருந்த படத்தைத்தான். நடுவில் நின்றவரின் இரண்டு கைகளும் கட்டப்பட்டிருந்தன. இரண்டு மாதமாக வகுப்பு சல்யூட் அடித்தது, கைதுசெய்து இறக்கப்பட்ட பழைய ஜனாதிபதிக்கு. ஜெனரல் இசாக்காவோ கத்தரிக்கோலுக்குத் தப்பிய அரை முழங்கையாக ஓரத்தில் இருந்தார்.

திம்மராயன் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் தானாக ஓர் அறிவிப்புச் செய்து இரண்டு மாதமாகியிருந்தது.

"விளக்கு சரியாயிடுச்சு. புரிஞ்சவங்க கை தூக்குங்க."

முனிவேல் எண்ணினான். இருபது. மாணவர்கள் பத்தொன்பது பேர்தானே என்று மறுபடி எண்ணினான். இருபதாவது கை ஹவில்தார் கோவிந்தப்பனுடையது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகிய கை, அவரைக் கேட்காமலே மேலே போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் இறக்கிக்கொண்டார். சிம்னியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மணிச் சத்தம் பஸ் நிலையம் வரை கேட்டது.

வாத்தியார் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் தபால் எல்லாம் சாயந்திரமே போய்விட்டிருந்தது.

1958 நவம்பர் 14, வெள்ளி. முதல் பக்கத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தினேன். அது சிறு பிழை இல்லை. வகுப்பில் எல்லோரும் ஹவில்தாரைத்தான் திட்டுகிறார்கள். மொராந்தாவில் முக்கால் சதவீதம் வரை துல்லியமாகக் கூட்டிக் கொடுத்தவரின் பெயரைப் பத்திரிகை போடவில்லை. அவருக்கும் கையெழுத்து அழகாக இருக்கும். யாராவது அதைப் பாராட்டியிருப்பார்கள். இங்கே செப்டம்பர் 8 அன்று ஹவில்தாருக்காக உண்மையில் எழுந்தவை எட்டுக் கைகள். மீதி முப்பத்து மூன்றும் என்னுடையவை.

நாளை: காலை ஐந்து மணி பஸ்ஸில் சேலம் போக வேண்டும். சாந்தம்மாவின் விண்ணப்பத்தைப் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.