சீர்த்தட்டில் சேலைதான் வேண்டும்

மரியாதைக்குரிய காரமடை மச்சான் அழகிரிசாமி அவர்களுக்கு, பல்லடத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் தம்பிதுரை கும்பிட்டு எழுதுவது. உடம்புக்குக் குறையில்லை, மனசுக்குத்தான். போனில் பேசினால் உங்கள் தங்கை வள்ளியாத்தாள் காதில் விழும் என்பதால் கடிதம்.

வள்ளியாத்தாள் பேண்ட் போடுகிறாள் மச்சான். புது வீட்டுத் தளத்துக்குத் தண்ணீர் விட ஏணியில் ஏறியவளின் முந்தானை, நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டிக் கிழிந்தது. மறுநாளே திருப்பூர் போய் எலாஸ்டிக் வைத்த பேண்ட் வாங்கிவந்துவிட்டாள், பக்கத்துக்கு ஒரு பாக்கெட். வேலைக்குத்தானே என்று விட்டேன். அப்புறம் சந்தைக்கு, அப்புறம் ரேஷன் கடைக்கு, போன வெள்ளிக்கிழமை மாகாளியம்மன் கோயிலுக்கே போட்டுக்கிட்டுப் போயிட்டா. பூசாரி என்னைப் பார்க்கிறார், நான் உண்டியலைப் பார்க்கிறேன். பொறுக்கமாட்டாம அதை எடுத்துக் கோழித் தீவன மூட்டைக்கடியில ஒளிச்சுப்போட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேனுங்க மச்சான். எங்க கல்யாண வரவேற்புக்குத் தெச்ச என்ர பேண்ட்டை எடுத்துப் போட்டுக்கிட்டா. எனக்கு இடுப்புல ஏறாதது அவளுக்குக் கச்சிதம். "அம்மணிக்குன்னே தெச்சாப்ல இருக்குதுங்க"ன்னு கொத்தனார் ஐயாசாமி என்ர காதுபடச் சொல்றாரு.

கிரகப்பிரவேசத்துக்கும் அதேதானாம். "அத்தனை சனம் வருது அம்மணி, அன்னைக்காச்சும் சேலை கட்டு"ன்னு கெஞ்சினேன். "இந்த ஊட்டைக் கட்டுனது பூராம் பேண்ட்டுலதானுங்க. உள்ள போறதுக்கு மட்டும் எதுக்குங்க சேலை?"ங்கறா. அவள் அந்தக் கோலத்தில் பால் காய்ச்சினால் என் பங்காளிகள் காலம் முழுக்க வாயில் போட்டு மெல்லுவார்கள். அதனால், பொறந்தவன் சீர் கொண்டுவரும் நீங்கள் தட்டில் நல்ல பட்டுச்சேலையாக வைத்து, சபையில் நீட்டுங்கள். அண்ணன் கொடுப்பதை அவள் தட்டமாட்டாள். எனக்கு வழக்கம்போல் வேட்டி போதும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாரும் முந்தின நாளே வந்து சேரவும்.

இப்படிக்கு,
மானம் காக்க உங்களையே நம்பியிருக்கும்,
தம்பிதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே ஏறினேன். அதே கம்பி மச்சான். நான் பாதி ஏணியில், என் வேட்டி மேலே கொடியாட்டம் பறக்கிறது, கீழே ஐயாசாமியின் ஆட்கள் மொத்தமும். வள்ளியாத்தாள்தான் விறுவிறுவென்று ஏறிவந்து என்னைப் பிடித்து இறக்கினாள். "ஏனுங்க, என்ர சேலை ஒண்ணு தரட்டுங்களா?"ன்னு சிரிச்சா பாருங்க. வேறு வழியில்லாமல் தீவன மூட்டையை நானே காட்டிக்கொடுத்தேன். இப்போது அந்த எலாஸ்டிக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நல்லாத்தான் இருக்குதுங்க, பாக்கெட்டில் பேனாகூட நிற்கிறது. ஆகவே சேலையும் வேண்டாம், வேட்டியும் வேண்டாம். தட்டில் ஒரே துணியில் ரெண்டு பேண்ட் வைத்துவிடுங்கள், எனக்குள்ளது எலாஸ்டிக். பங்காளிகள் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளட்டும்.