மாவனல்லைச் சித்தியின் மரணம்

ஷாமிளா தன் சித்தியைச் சாகடித்தது செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், அறுபது பேர் முன்னிலையில். வேறு வழியில்லை.

மூன்று மாதமாக வராதது திங்கட்கிழமை வந்துவிட்டது. தாடையில் முடி முளைப்பதற்கும் மாதம் தள்ளிப்போவதற்கும் காரணம் தெரிய ஹோர்மோன் அளவு பார்க்க வேண்டும். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வெறும் வயிற்றோடு, பத்து மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று அந்த உடம்புக்கே தெரியாது. பக்கத்து யட்டியாந்தோட்டையில் கொடுத்தால் தெரிந்த முகம் பார்த்துவிடும். ஆகவே மாவனல்லை.

சுகமில்லை என்று லீவு கேட்டால் தோட்ட டிஸ்பென்சரித் துண்டு வேண்டும். துண்டில் எழுதியது மத்தியானத்துக்குள் நாலு லயத்து வீடுகளுக்கும் மனப்பாடமாகிவிடும்.

"மாவனல்லையில சித்தி தவறிட்டாங்க, கங்காணி."

கங்காணி முத்துவீரன் தொப்பியைக் கழற்றினார். "எந்தச் சித்தி?"

"அம்மாவோட கடைசித் தங்கச்சி."

விஷயம் தெரிந்த அம்மா, மகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, பிறக்காத தங்கைக்காக ஒப்பாரி வைத்தாள். அங்கேதான் கெட்டது. ஒப்பாரி அவ்வளவு நன்றாக இருந்தது.

மரண உதவிச் சங்கச் செயலாளர் புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். தோட்டத்தில் எந்தச் சாவையும் அவள் தவறவிட்டதில்லை.

"தனியா போகவா சங்கம் வச்சிருக்கோம்?"

அரை மணி நேரத்தில் மலர்வளையம் கட்டியாகிவிட்டது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் பதினான்கு பெண்கள் ஏறினார்கள்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, தேத்தண்ணியும் பனிசும் கொடுத்தார்கள். ஷாமிளா தொடவில்லை. துக்கத்தில் இவளுக்குத் தண்ணிகூட இறங்கவில்லையே என்று பதினான்கு பேரும் புதிதாக அழுதார்கள். சித்திக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதற்கு அழுகை அதிகமாகவே, அவசரமாக இரண்டு பெற்றுக்கொடுத்தாள். அது இன்னும் மோசம். மாவனல்லை வருவதற்குள் சித்திக்கு இரத்தத்தில் சீனி வருத்தமும், சவுதிக்குப் போய்க் கடிதம் போடாத புருஷனும் சேர்ந்திருந்தார்கள்.

மணி ஒன்பதே முக்கால்.

வீடு சந்துக்குள், லொறி போகாது, நான் முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினாள். மலர்வளையத்தோடு புஷ்பமும் இறங்கினாள்.

"பொணத்துகிட்ட உன்னயத் தனியா விடுவேனா?"

சந்தில் இரண்டே கதவு. ஒன்று பூட்டிய செருப்புக்கடை. மற்றதன் மேல் இரத்தப் பரிசோதனை நிலையம் என்று முழ எழுத்தில் எழுதியிருந்தது. ஷாமிளா இரண்டு தரம் சந்தின் நீளத்தை நடந்து அளந்தாள். மூன்றாம் கதவு முளைக்கவில்லை. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. உள்ளே போனாள். மலர்வளையமும் வந்தது.

மேசை முன்னால் நின்று, தரையைப் பார்த்தே புஷ்பத்திடம் சொன்னாள்.

"அக்கா, யாரும் சாகல. எனக்குச் சித்தியே கெடையாது. ஹோர்மோன் டெஸ்ட் எடுக்க வந்தேன். தாடையில முடி வருதுக்கா. லொறியில உள்ளவங்களுக்குச் சொல்லிறாதீங்க."

புஷ்பம் மலர்வளையத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கோபம் என்று ஷாமிளா நினைத்தாள்.

மேசையில் பெயர் பதியும் ஸம்ஹா தலை நிமிர்ந்து, மலர்வளையத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"புஷ்பம் அக்காவா? போன மாசம் டெஸ்டுக்கு வந்தப்போ நீங்க வச்சிட்டுப் போன வளையமே இன்னும் பின்னுக்குக் கெடக்கே."