ஜீரோ அண்ணாச்சி ஊதிய மூன்று மீட்டர்கள்

உலகத்தில் எந்த மீட்டர் முள்ளையும் முதல் பார்வையில் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அனல்மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. முப்பது வருஷம் பாய்லர் பிரஷரோடு மல்லுக்கட்டியதில், தராசோ தெர்மாமீட்டரோ, எதைக் கண்டாலும் "மொதல்ல ஜீரோ காட்டு" என்பார். அவருடைய சொந்தப் பெயர் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஜீரோ அண்ணாச்சி.

பேரன் பிறந்த அன்று நர்ஸ் வந்து, "மூணு கிலோ இருக்கான்" என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். இவர் மட்டும், "புள்ளைய வைக்கதுக்கு முன்னாடி தராசு எவ்வளவும்மா காட்டிச்சு?" என்று கேட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பனிக்காலத்தில் என் மனைவி செல்விக்கு ஆஸ்துமா அதிகமாகிவிட்டது. "வீட்ல ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி வைங்க. தினம் காலையும் சாயங்காலமும் ஊதி, முள் காட்டுற நம்பரை எழுதுங்க. மூச்சுக்குழாய் சுருங்க ஆரம்பிச்சா, இளைப்பு வர்றதுக்கு முன்னாடியே அது பெரும்பாலும் காட்டிடும்" என்றார் டாக்டர். இதை நான் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் வினை. மீட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தனியா போயி மீட்டர் வாங்குவீரா வே? நல்ல கூத்தால்லா இருக்கு!"

செல்வியையும் சேர்த்து மூவரும் பண்ருட்டிக்குப் போனோம். மருத்துவக் கருவிகள் விற்கும் கடை மாடியில் இருந்தது. அண்ணாச்சி பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். "வயசாயிட்டுல்லா" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. "இது பெரியவங்களுக்கு, அது சின்னப் புள்ளைங்களுக்கு. பேட்டரி போட்டு போனோட சேக்கறதும் இருக்குங்க."

"பேட்டரி வேண்டாம். முள்ளு கண்ணுக்குத் தெரியணும்."

பெரியவர்களுக்கான மீட்டரில் மூன்று வகை மேசைக்கு வந்தன. எண்கள் பெரிதாக இருக்கின்றனவா, வாய் வைக்கும் முனையைக் கழற்றிக் கழுவலாமா, முள் நடுவில் சிக்காமல் ஜீரோவுக்கு இறங்குகிறதா என்று ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"அண்ணாச்சி, மீட்டரு வாங்க வந்தோமா, மாப்பிள்ள பாக்க வந்தோமா?" என்றாள் செல்வி.

"ஊதிப் பாக்காம வாங்கப்படாது தங்கச்சி."

கடைப்பெண் ஆளுக்கொரு புது அட்டைக்குழாய் தந்தாள். "நேரா நின்னு, மூச்ச நல்லா இழுத்து, ஒதட்ட இறுக்கிக்கினு ஒரே ஊதா ஊதுங்க சார்."

அண்ணாச்சி ஊதினார். 220.

"இது டிஃபெக்ட்டு." அடுத்ததில் 210. "இதுவும்." மூன்றாவதில் மறுபடி 220. "ஏம்மா, மூணுமே கோளாறால்லா இருக்கு! நான் ஊதுனா ஐநூறாவது காட்ட வேண்டாமா?"

அந்தப் பெண் தனக்கொரு குழாய் எடுத்து மூன்றிலும் வரிசையாக ஊதினாள். 430, 420, 430.

அண்ணாச்சி மூன்று முட்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு கேஜும் ஒண்ணு போல காட்டுனா கேஜுல தப்பு கெடையாது" என்றார், மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னவே, பாய்லரு அவ்வளவுதானா?"

அவர் முகத்தில் பயத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஊரில் உள்ள கருவிகளையெல்லாம் சோதித்தவர், தன்னை ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

"எத்தினி வருசமா இப்பிடி மூச்சு வாங்குது?" என்றாள் கம்மாபுரத்துக்காரியான என் மனைவி.

"நாலஞ்சு வருசம் இருக்கும்."

"நாலஞ்சு வருசமா இளைச்சிக்கினு சும்மா இருந்தீங்களா? எனக்கும் இதான் இருக்குது. நான் சமைக்கல, சண்ட போடல? நாளைக்கு எங்கூட டாக்டராண்ட வர்றீங்க."

ஒரே மாதிரி மீட்டர் இரண்டு வாங்கினோம், ஆளுக்கொன்றாக. மறுநாள் டாக்டர் சோதித்துப் பார்த்து, அவருக்கும் ஆஸ்துமாதான் என்றார். இன்ஹேலர் கொடுத்து, எப்படி இழுப்பது என்றும் காட்டினார்.

அதன் பிறகு அண்ணாச்சி வீட்டு ஹாலில் காலண்டரைக் கழற்றிவிட்டு வரைபடத்தாளை மாட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று டாக்டர் குறித்துக் கொடுத்த எல்லைகளுக்குக் கோடு போட்டார். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, அதில் பெரியதை எழுதினார். இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலை எங்கள் காலிங்பெல் விடாமல் அடித்தது. பதறிக்கொண்டு கதவைத் திறந்தால், லுங்கியோடு அண்ணாச்சி.

"தங்கச்சி, நானூறு!"

செல்வி தூக்கக் கலக்கத்திலும் கை தட்டினாள்.

பிறகு அண்ணாச்சி பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். தினமும் காலையில் செல்விக்கு வாட்ஸ்அப்பில் ஒரு எண் வரும். வணக்கம் கிடையாது, நலமா என்ற கேள்வியும் கிடையாது. இவளும் தன் எண்ணை அனுப்புவாள். போன வாரம் ஒரு நாள் ஒன்பது மணி வரை எதுவும் வரவில்லை. பிறகு வந்தது: "மழை. நெட் இல்ல. 430."

அதுவரை செல்வியின் டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. என்னுடையதும்தான்.