ஒரு கட்டுக் குழை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை

காப்பார் தென்னந்தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டும் மைத்துனர் மகாராஜராஜஸ்ரீ பழனியப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பவுனம்மாளின் புருஷன் நாகையா அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவது வழக்கமாதலால் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். தாங்கள் அதை நம்பிவிட வேண்டாம். அவ்விடத்துச் சுகத்தைப் பற்றித் தாங்கள் எழுதும் பதிலையும் நான் இரண்டு தடவை படித்துத்தான் நம்புவேன். இந்தக் கடிதத்தின் ஒட்டு ஈரமாக இருந்தால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அறியவும். காய்ந்திருந்தால் கெட்டிக்காரர்கள் பிரித்திருக்கிறார்கள் என்று அறியவும்.

விஷயம் என்னவென்றால், போன வருஷம் தாங்கள் ஓட்டி வந்து கொடுத்த பசு செவத்தாளை, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வண்டியோடு வந்து திரும்பக் கொண்டுபோய்த் தங்கள் கொட்டகையில் ஒளித்து வைக்கவும். இங்கே இருந்தால் அந்த மாடு நம்முடையதாக இருக்காது. பால் வியாபாரி வீட்டில் பசுவே இல்லையென்றால் ஊர் சிரிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு இங்கே சொட்டு மழை இல்லை. ரயில் பாதை ஓரத்துப் புல்லெல்லாம் எஞ்சின் பொறி பட்டுக் கருகிவிட்டது. ஆற்றங்கரைக்கு நான் அரிவாளோடு போகுமுன் செந்தூல் பக்கத்து மாட்டுக்காரர்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகிறார்கள். நான் எந்தப் பக்கம் போவேன் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள் என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மிச்சம் இருப்பது கத்தி போல வாயைக் கிழிக்கும் லாலான் புல்தான். அதை மாடு முகர்ந்து பார்க்கிறது, பிறகு என்னைப் பார்க்கிறது, பிறகு இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இரண்டு வேளையும் குடம் நிறையக் கறந்த மாடு அரைக்குடத்துக்கு வந்து, அப்புறம் செம்புக்கு வந்துவிட்டது. புல் குறைந்தால் பால் குறையும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் இவ்வளவுமா குறையும்? முதலில் கன்றுக்குட்டியின் மேல் சந்தேகப்பட்டு வாய்க்கூடை போட்டேன். அப்புறம் பாம்பு வந்து குடிக்கிறதோ என்று கொட்டகையைச் சுற்றிச் சாம்பல் தூவினேன். காலையில் பார்த்தால் சாம்பலில் தங்கள் தங்கையின் கால்தடம் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "சாணி அள்ளப் போறவ நடந்து போகாம பறந்தா போவா? பாலை நான் குடிச்சிருந்தா என் ஒடம்பு இப்படியா இருக்கும்?" என்று சீறினாள். நான் துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைக் கூட்ட ஆரம்பித்தேன். எதைச் சொன்னாலும் வம்பு. மாடு வேறு, தன்னைக் கட்டியிருக்கும் பூவரச மரத்து இலையை எட்டி எட்டிக் கடிக்கப் பார்த்தது. கண்ட இலையைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளுமே என்று கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினேன். என் ஜாக்கிரதைக்கு இந்த வீட்டில் ஒருவராவது நன்றி சொன்னார்களா என்றால் இல்லை.

இப்படி நான் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கையில் எல்லோரும் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். வாடிக்கை வீடுகளில் பாத்திரத்தை ஆட்டிப் பார்க்கிறார்கள். "என்ன நாகையாண்ணே, காலங்காத்தால பால் செம்போட குழாயடியில நின்னீங்களாமே?" என்று கேட்கிறார்கள். நான் முகம் கழுவ நின்றேன். மனிதன் முகம் கழுவக்கூட ஊரைக் கேட்டுக்கொண்டு கழுவ வேண்டியிருக்கிறது.

இதில் உண்மையான ஆசாமி அடுத்த வீட்டுச் சிவசம்பு. ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. அவரும் சம்சாரம் பூரணமும் இரண்டே பேர். பால் குறைய ஆரம்பித்த வாரமே வேலியோரம் வந்து, "நாகையா, கொஞ்ச நாளைக்கு எங்களுக்குப் பால் வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒரு மனிதன் பாலை நிறுத்துவானா? மறுநாள் அவர்கள் குப்பையில் காலி டின் பால் டப்பா கிடந்தது. நான் ஒன்றும் குப்பையைக் கிளறவில்லை, அது தானாகவே மேலே கிடந்தது. அதற்கு அடுத்த நாள் அதே மனிதர், என் மாட்டின் விலா எலும்பைப் பார்த்துக்கொண்டே, "புல்லு இல்லையெண்டா என்ன ஐசே? குழை போடும். பின்னேரத்தில ஒரு கட்டுக் குழை போட்டுப் பாரும், பால் சொரியும்" என்றார். நானும் படித்த மனிதர் சொல்கிறாரே என்று, பச்சரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, தாங்கள் அனுப்பிய தேங்காய்ப் புண்ணாக்கையும் வெல்லத்தையும் போட்டுப் பிசைந்தேன். குழைத்ததை எப்படிக் கட்டுவது என்பதுதான் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் துணியில் கட்டுவார்கள் போலிருக்கிறது என்று பவுனம்மாளின் பழைய சேலையைக் கிழித்து மூட்டையாகக் கட்டினேன். அவள் ஓடி வந்து, "ஐயோ, அவரு சொன்னது..." என்று ஆரம்பித்தாள். "நீ யார் பக்கம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வாயை மூடியவள்தான், இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

செவத்தாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறாற்போல் சாப்பிட்டது; அவசரத்தில் சேலையின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் வயிறு தவில் மாதிரி உப்பியிருக்கிறது, அசை போடவில்லை, பால் ஒரு உழக்குக்கு வந்துவிட்டது. இஞ்சியும் ஓமமும் பெருங்காயமும் அரைத்து மூங்கில் குழாயில் புகட்டி, விடிய விடிய வயிற்றைத் தேய்த்துவிட்டு, "எந்திரிடி தாயி" என்று நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பவுனம்மாள் பார்த்திருக்கலாம். மாடு எழுந்து நின்ற வேளை பார்த்துச் சிவசம்பு ஆபீசுக்குக் குடையோடு கிளம்புகிறார். "என்ன நாகையா, குழை போட்டனீரோ?" என்றார்.

"போட்டேங்க. நல்லாவே போட்டேன்."

"திண்டதோ?"

"ஒரு பருக்கை விடாம தின்னுச்சு."

"பருக்கையோ?" என்று கண்ணை அகல விரித்தார். பாருங்கள் மச்சான், என்ன நடிப்பு! அதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் பூரணம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் என் காதாலேயே கேட்டேன்.

இனிமேல் எழுதப்போவதை மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கவும். அதற்குப் பிறகு தினமும் நான் சாயங்காலப் பால் ஊற்றப் போன சமயம் பார்த்து அந்த அம்மாள் வேலியோரம் நின்று செவத்தாளோடு பேசுகிறாளாம், எதிர்வீட்டில் சொன்னார்கள். கொட்டகையில் போய்ப் பார்த்தால் வேலியடியில் ஏதோ இலைக்காம்புகள், நார் வைத்துக் கட்டியவை, பாதி மென்றவை. மருந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாலும் இப்போது கூடிக்கொண்டே வருகிறது. உழக்கு செம்பாகி, செம்பு அரைக்குடமாகிவிட்டது. இதுதான் எனக்குப் பெரிய பயம். புல்லும் வரவில்லை, மழையும் வரவில்லை, பால் மட்டும் ஏன் வர வேண்டும்? மாட்டின் மனதை மயக்கித் தம் பக்கம் இழுக்கிறார்கள். செவத்தாளும் நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அந்த அம்மாளின் வளையல் சத்தம் கேட்டால் காதைத் தூக்குகிறது. மச்சான், அந்த மாடு போனால் என் பிழைப்பு மட்டுமா போகும்? இந்த வீட்டில் என்னை மதித்து முகம் பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஆகையால் தவறாமல் வரவும். கொண்டுபோன மாட்டை வேறு பெயர் சொல்லிக் கிள்ளானில் விற்றுவிடவும் வேண்டாம். இடது காது நுனியில் இருக்கும் வெள்ளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும். முருகன் தங்களைக் காக்கட்டும்; தங்களைச் சுற்றியுள்ளவர்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
எல்லோரையும் நம்பிக் கெட்ட
நாகையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று இன்று பால் ஊற்றப் போகாமல் கொட்டகைத் தட்டி மறைவில் உட்கார்ந்திருந்தேன். பூரணம் வந்தாள். கையில் பலா இலைக் கொத்து. செவத்தாள் தின்கிறது. நான் பாய்ந்து வெளியே வந்தேன். அந்த அம்மாள் பயப்படவே இல்லை. "நல்ல வேளை வந்தீங்கள் அண்ணை. எங்கட பலாமரத்தில குழை முடிஞ்சு போச்சு. உங்கட பூவரசில ரெண்டு கொப்பு முறிச்சுத் தாங்கோ, அதுவும் நல்ல குழை" என்றாள்.

மச்சான், யாழ்ப்பாணத்தார் பேச்சில் குழை என்றால் நாம் சொல்லும் தழையாம். நான் கயிற்றைக் குட்டையாக்கி எட்டவிடாமல் செய்தேனே, அதேதான். பாலை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்குப் பால் காணாதெண்டு தெரிஞ்சுதானே இவர் வேண்டாமெண்டவர். அது பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் போகட்டும், நாங்கள் டின் பாலில சமாளிப்பம் எண்டு சொன்னவர்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, மச்சான். மாட்டின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. பவுனம்மாளிடம், "குழைன்னா தழைன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "நீங்க எங்க சொல்லவிட்டீங்க?" என்றாள். பேசிவிட்டாள்.

இன்று கறந்ததில் முதல் செம்பை நானே சிவசம்பு வீட்டுக்குக் கொண்டுபோனேன். நுரை தளும்பும் செம்பைப் பார்த்துவிட்டு அந்த மனிதர், "என்ன ஐசே, இவ்வளவு பாலோ? குழாயடிப் பக்கம் போகயில்லைத்தானே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

ஆகையால் மேலே எழுதியதெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். மறுபடி எழுத வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மாட்டைக் கொண்டுபோக வர வேண்டாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை வண்டியோடு வாருங்கள். என் பூவரசு இப்போதே பாதி மொட்டை. வரும்போது வழியெல்லாம் பார்த்து வெட்டி, வண்டி நிறையக் குழை போட்டுக்கொண்டு வாருங்கள். சோறு அல்ல, மச்சான். இலை.