பத்மினி போட்ட சத்தம்

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று முத்துக்கிருஷ்ணன் ஒரு திங்கட்கிழமை காலை, போடியில் தன் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை. மனைவி பொற்கொடிக்குச் சபதத்தில் பாதிதான் புரிந்தது.

"கொப்புளிச்சிட்டுப் பேசுங்க. கோலத்துல தெறிக்குது."

முத்துக்கிருஷ்ணன் முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒலி, எதிரொலி, அதிர்வு எல்லாம் கரைத்துக் குடித்தவர். அப்பேர்ப்பட்டவர் காருக்குள்ளேயே ஒரு சத்தம்! கடகட, கடகட. பள்ளத்தில் இறங்கினால் கடகடகட. அவருக்கு அது காரின் சத்தமாகக் கேட்கவில்லை. கடைசி பெஞ்சுச் சிரிப்பாகக் கேட்டது.

காரும் சும்மா கார் இல்லை. நாற்பது வயது பத்மினி. பால் வெள்ளை. தினமும் அவரே குளிப்பாட்டித் துவட்டிவிடுவார். "வாத்தியாரு எங்கத்தா?" என்று எதிர்வீட்டுச் சுருளியம்மாள் கேட்டால், "பத்மினிக்கு முதுகு தேச்சுக்கிட்டு இருக்காரு" என்பாள் பொற்கொடி. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டதும் உண்டு.

ஞாயிறு தவறாமல் மலைமேல் போடிமெட்டுக்கு ஒரு சவாரி. தனியாகத்தான். கோவில், கல்யாணம் என்றால் மட்டும் பொற்கொடிக்கு இடம். அதுவும் பின் சீட்டில், துண்டு விரித்து. முன் சீட்டுக்கு மதுரையில் அளவு கொடுத்துத் தைத்த சிவப்பு உறை போட்டிருந்தார். பொற்கொடியின் தலையில் எப்போதும் எண்ணெய் மினுங்கும். சிவப்புக்கும் எண்ணெய்க்கும் ஒத்துவராது என்பது அவருடைய அறிவியல் முடிவு.

சபதம் எடுத்த கையோடு மனைவியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரி ரோட்டைச் சுற்றி வந்தார். கடகட, கடகட.

"கேக்குதா?"

"என்னது?"

"இந்தச் சத்தம்!"

"நீங்க கத்துறதுதான் கேக்குது."

"கடகடங்குது பாரு!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. காதுல அழுக்கு இருக்கும். எண்ணெய் காய்ச்சி ஊத்தவா?"

மெக்கானிக் பால்பாண்டியிடம் போனார். பால்பாண்டி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. சத்தம் இல்லை. பஜாரில் இல்லை, பாலத்தில் இல்லை, வேண்டுமென்றே பள்ளம் பள்ளமாக இறக்கினார், அப்போதும் இல்லை. ஆய்வாளர் வந்ததும் கைகட்டிக்கொள்ளும் எட்டாம் வகுப்பைப் போல் பத்மினி அடங்கிப்போய்விட்டது. பால்பாண்டியை இறக்கிவிட்டு வண்டியை நாலு அடி நகர்த்தியதும், கடகட!

"இப்ப வந்துச்சு! இப்ப வந்துச்சு!"

"சார், நீங்க ரெண்டு நாள் நல்லாத் தூங்குங்க" என்றார் பால்பாண்டி மெதுவாக.

மூன்று வாரம் போனது. டிக்கியைக் கழற்றினார். கதவுகளைப் பிரித்தார். பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்றை வாங்கி வந்து வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நாடி பார்த்தார். தாடி நெஞ்சை நோக்கிக் கிளம்பியிருந்தது. "எந்த மலைக்கு மாலை போட்டிருக்கீக?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

விடை ஒரு புதன்கிழமை மலையடிவாரத்து முந்தலில் கிடைத்தது. தெரிந்த வியாபாரி வெள்ளைத்துரை ஓர் ஏலக்காய் மூட்டையைக் காட்டி, "அண்ணே, இத ஏல சென்டர்ல எறக்கி விட்ருங்க, வெரசாப் போகணும்" என்று அவர் வாய் திறப்பதற்குள் முன் சீட்டில் ஏற்றிவிட்டார். முந்தலிலிருந்து போடிவரை வண்டி மணக்க மணக்க வந்தது. சத்தம்? மூச்! மூட்டையை இறக்கிவிட்டு வண்டியை நகர்த்தியதும், கடகட.

"எடை!" என்று ஏல சென்டர் வாசலில் கத்தினார் முத்துக்கிருஷ்ணன். எடை போடும் இடத்தில் எடை என்று கத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவர் மட்டும் குதித்தார். முன் சீட்டில் பாரம் இருந்தால் சத்தம் இல்லை. அவ்வளவுதான் சூத்திரம்! காரணம் கிடக்கட்டும், காரியம் முடிந்தது. அன்றே சவரம் செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு அரிசி மூட்டைகளை முன் சீட்டில் அடுக்கிக்கொண்டு மலை ஏறினார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மேல் மூட்டை அவர் தோளில் சாய்ந்தது. ஐந்தாவதில் மடியில் படுத்தது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாத்தியாரே, வீட்டுல அக்காவ விட்டுட்டு யாரோட டூரு?"

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அவர் அங்கேயே வண்டியைத் திருப்பினார். சாயாத பாரம் வேண்டும். வளைவில் தானே கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பாரம் வேண்டும். ஏற்றி இறக்கக் கூலியாள் தேவைப்படாத பாரம் வேண்டும்.

அடுப்படிக்குப் போனார். குரலில் தேன்.

"பொற்கொடி, மலைக்கு வர்றியா?"

"பின்னாடி உக்காந்தா எனக்குத் தலைசுத்தும்."

"பின்னாடி யாரு உக்காரச் சொன்னா? முன்னாடி, எம் பக்கத்துல உக்காரு."

"எண்ணெ ஒட்டுமே?"

"ஒட்டட்டுமே! உறை என்ன உறை, உன்னவிடப் பெருசா?"

பொற்கொடி ரொம்ப யோசித்தாள். சோலி கிடக்கிறது என்றாள். மூன்று தடவை கெஞ்சவைத்துவிட்டு, மல்லிகைப்பூ வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றாள்.

அதன்பிறகு பத்மினி வாயே திறக்கவில்லை. பொற்கொடிதான் திறந்தாள். ராசிங்காபுரத்தில் தங்கை வீடு, வீரபாண்டிக் கோவில், மூணாறு, எங்கே கை காட்டினாளோ அங்கே வண்டி நின்றது. ஒவ்வொரு வளைவிலும், "அங்க பாருங்க, அருவி!" "அங்க பாருங்க, கொரங்கு உங்களயே பாக்குது!" என்றாள். போடிமெட்டில் இரண்டு டீ, இரண்டு பஜ்ஜி. முத்துக்கிருஷ்ணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம், தன்னை ஒரு மூட்டையாக ஏற்றிப்போகிறார் என்று இவளுக்குத் தெரியாது!

இரண்டு மாதம் கழித்து, எண்ணெய்க்கறை படிந்த உறையைத் துவைக்கக் கழற்றினார். சீட்டுக்கடியில் கை போனது. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே, நூலால் கட்டி, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. ஆள் உட்கார்ந்தால் பஞ்சுக்குள் அமுங்கிக்கொள்ளும். ஆள் இல்லையென்றால் துள்ளும். உள்ளே ஒரு கை காய்ந்த மொச்சை. மூடியில் அழகாகப் பேர் வெட்டியிருந்தது: பொற்கொடி.

டப்பாவை ஆட்டிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தார். கடகட, கடகட.

"இது என்ன?"

"அட, இதக் காணாமத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்!"

"பொய்! நீதான கட்டிவச்ச?"

"ஆமா. எட்டு வருசமாப் பின்னாடி துண்டுல உக்காந்தவ, வேற என்ன செய்யச் சொல்றீங்க?" அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. பெரிய ஆளுதான். இனிமே சத்தம் வராது. ராசா மாதிரி தனியாவே போயிட்டு வாங்க."

"போகத்தான் போறேன்!"

டப்பாவை அலமாரியில் டொக்கென்று வைத்தார். வெற்றி!

ஞாயிறு தனியாகப் போனார். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. சத்தமே இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. அருவி வந்தது, போனது. குரங்கு பார்த்தது. யாரிடம் சொல்வது? பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஒன்றைக் குடித்து, ஆறிப்போன இன்னொன்றை வெறித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வருவாள். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? தோற்றதாக ஆகிவிடுமே! முப்பத்தோரு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் ஆயிற்றே!

செவ்வாய்க்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அலமாரியிலிருந்த டப்பாவைச் சத்தம் வராமல் நாலு மடிப்புத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், பழைய இடத்திலேயே செருகினார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பொற்கொடி, வண்டில மறுபடியும் அந்தச் சத்தம்."

"அப்படியா? எப்ப?"

"இப்பத்தான். பஸ் ஸ்டாண்டுவரைக்கும் போயிட்டுத்தான் வர்றேன். கடகடன்னு காதே கிழியுது. என்ன செய்யிறது, நீ முன்னாடி உக்காந்தாத்தான் அடங்கும்போல."

பொற்கொடி ஈரத்தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அது எப்படிங்க? டப்பாவுல இருந்த மொச்சையத்தான் நேத்துக் கொழம்பு வச்சேன். நல்லாருக்குன்னு ரெண்டு தடவ ஊத்திச் சாப்பிட்டீங்களே!"