உங்க இஷ்டம்

லிஃப்ட் மெக்கானிக் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மனைவி கேட்டுவிட்டாள்.

"புதுசா ஒரு கிளை திறக்கறாங்க. என்னைப் பொறுப்பாப் போட்டிருக்காங்க. வேற ஊரு. போகலாமா?"

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பேர். அவள் சொன்ன ஊர், ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போகிற தூரம். கேட்ட உடனே மெக்கானிக்குக்குப் "போகாதே" என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

வேறொரு நாளாக இருந்தால் வெளியிலும் வந்திருக்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவன் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு. மெக்கானிக்குகள் பெண்களிடம் மரியாதையாகப் பேசுவதில்லை என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். டை கட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்து, கருவிப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரையும் வறுத்தெடுத்தார். வீட்டில் மனைவி உங்களை 'நீங்க' என்கிறாள், நீங்கள் மட்டும் அவளை 'நீ, வா, போ' என்கிறீர்களே, அவள் என்ன உங்களைவிட மட்டமா என்று கேட்டார். பிறகு குரலை இறக்கி, இந்தக் காலத்திலும் பெண்கள் எங்கே போகவும் புருஷனிடம் அனுமதி கேட்டு நிற்கிறார்கள், அனுமதி கொடுக்க நீங்கள் யார் என்றார்.

மெக்கானிக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. அவன் அம்மாவுக்கு ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "வேணாம்" என்றார். அத்தோடு சரி. அம்மா அதற்குப் பிறகு வீட்டில் கிழிந்ததை மட்டும் தைத்தாள். எது எப்படிப் போனாலும் அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்பது மெக்கானிக்கின் பிடிவாதம்.

ஆகவே தொண்டைவரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமையாகவும் எழுந்து நின்று சொன்னான்.

"இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா? உங்க இஷ்டம்."

மனைவி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை 'நீங்க' என்றது ஒரே ஒரு தடவைதான். அது ஒரு சண்டையில். அன்றைக்குப் பறந்த தட்டு இன்றைக்கும் நெளிவோடுதான் இருக்கிறது.

"யார் இஷ்டம்?"

"உங்க இஷ்டம்தான்."

நம் வீடுகளில் இந்த இரண்டு வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. எக்கேடாவது கெட்டுப் போ, என்னை விடு என்பதே அது. உலகத்திலேயே அதை அதன் நேர் அர்த்தத்தில், மனசாரச் சொன்ன ஒரே ஆண் நம் மெக்கானிக்தான். அவன் போதாத காலம், அதைக் கேட்டவள் அவன் மனைவி.

அவள் உள்ளே போனாள். நல்லபடியாக நடந்துகொண்டோம் என்று இவன் இன்னொரு ஷூவையும் கழற்றினான். மனசு மட்டும் பாறாங்கல்லாகக் கனத்தது.

மறுநாள் அவள் இன்னொரு தடவை பேச்சை எடுத்தாள். போனில் வாடகை வீடுகளின் படங்களைத் தள்ளிக்கொண்டே, ஹால் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் அல்லவா என்றாள். உங்களுக்கு எது வசதியோ அதுதான் என்றான் அவன்.

"அந்த ஊர்ல எங்க பாத்தாலும் உசரமான கட்டடமாம். தெருவுக்குத் தெரு லிஃப்டாம்."

"அப்ப ரொம்ப நல்லது. நீங்க படியேறிக் கஷ்டப்படாதீங்க. லிஃப்ட்லயே போங்க."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கம்பெனியில் அவனோடு ஜோடியாக வேலை பார்க்கும் ஸ்பேனர் என்பவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன்னைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சுடா" என்றான். ஸ்பேனருக்கு அந்தப் பேர் வந்ததே எதையும் இறுக்கிவிட்டுப் போவதால்தான். மெக்கானிக் அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வேலையை விட்டுவிட்டு அவளோடு போக அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. லிஃப்ட் எந்த ஊரிலும் பழுதாகும். ஆனால் ஒரு வார்த்தை அவள் கூப்பிட வேண்டாமா?

வகுப்பின் இரண்டாம் நாள், டீ நேரத்தில் பயிற்சியாளரை ஓரம்கட்டிக் கேட்டான். மனைவி வேலைக்காக வேறு ஊர் போகிறாள், நானும் வருகிறேன் என்று சொல்லலாமா?

"அவங்க உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல சார்."

"கூப்பிடாம கூடவே போனா அதுக்குப் பேரு அன்பு இல்ல. காவல். அவங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்க."

மெக்கானிக் எதையும் அளந்து பொருத்துகிறவன். இடம் கொடுக்கச் சொன்னால் இடம் கொடுப்பான். அன்றைக்கே தலையணையோடு ஹாலுக்கு வந்துவிட்டான். மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"முதுகு வலியா?"

"இல்ல. நீங்க தாராளமாப் படுங்க."

அவள் விளக்கை அணைத்தாள். இருட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, இவனுக்கும் வரவில்லை. நடுவில் ஒரு சுவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எழுப்பிவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் மரியாதை எல்லை மீறிப் போனது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஒற்றை அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி என்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்தான். துளி உதவி செய்யாத புருஷன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே. மேஜைமேல் வரிசையாக வைத்துக் காட்டினான். அவள் அந்த ஒற்றைத் தட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"போதுமா?" என்றான்.

"போதும். எல்லாமே போதும்."

பஸ் டிக்கெட்டும் அவனே எடுத்தான். பக்கத்தில் பெண்மணி உட்காரும் சீட், ஜன்னலோரம். பெட்டியையும் அவனே அடுக்க உட்கார்ந்தபோது, அவள் புடவைகளுக்கு அடியில் தன்னுடைய சட்டைகள் இரண்டு மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டான். அதில் ஒன்று அவளுக்குப் பிடித்த நீலச் சட்டை. துவைத்த துணியோடு தவறிக் கலந்துவிட்டது போலிருக்கிறது, பாவம், சுமை கூடுமே என்று அவற்றை எடுத்து உதறி, பீரோவில் பழைய இடத்திலேயே மாட்டினான். மாட்டிவிட்டுத் திரும்பினால், கையில் சோப்புப் பெட்டியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கிளம்பறதுல உங்களுக்கு இவ்வளவு அவசரமா?"

"அவசரம் இல்ல. உதவிதான்."

அவள் சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அவள் அழுதிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

பஸ் நிலையத்தில் அவன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். ஆட்டோ கதவைத் திறந்துவிட்டான், பெட்டியைத் தூக்கினான், கூட்டத்தை விலக்கி அவளை முதலில் ஏறவிட்டான். ஜன்னலுக்குக் கீழே நின்று, "போயிட்டு வாங்க" என்றான்.

எப்போதும் கடைக்குப் போனால்கூட "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு "போறேன்" என்றாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவன் கையை இறக்கவில்லை. பக்கத்தில் பழம் விற்றவள், யாருக்குப்பா இன்னும் டாட்டா காட்டுகிறாய் என்றாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேண்ட் பையில் கைக்குட்டையைத் தேடினான். கைக்குட்டை வைப்பது அவள் வேலை.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. போனில் அவள் தினமும் "சாப்பிட்டீங்களா?" என்பாள். இவன் "சாப்பிட்டேன். நீங்க?" என்பான். அவள் "ம்" என்பாள். இருவரும் சமைக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும். அடுத்தடுத்த நாட்களில் அந்த "ம்"மும் தேய்ந்தது. குழந்தை குட்டி இருந்தாலாவது அதைச் சாக்கு வைத்து இரண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பார்கள். அதுவும் இல்லை.

இப்படி ஆளே பாதியாகிப் போன நேரத்தில்தான், ஒரு முற்பகலில், ஒரு கட்டடத்தின் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர் மூன்றாவது மாடியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டரம்மா. மேலே ஒரு நோயாளி வாயில் பஞ்சோடு அவருக்காகக் காத்திருக்கிறார் என்றார்கள். பிரேக்கைக் கையால் விடுவித்து லிஃப்ட் பெட்டியை மெல்ல இறக்க ஸ்பேனரை மொட்டைமாடி மெஷின் அறைக்கு அனுப்பிவிட்டு, மெக்கானிக் இரண்டாவது மாடியில் கதவை விரல் நுழையும் அளவுக்கு நெம்பிப் பார்த்தான். அவன் நெற்றிக்கு நேரே டாக்டரம்மாவின் செருப்பு தெரிந்தது.

மாட்டிக்கொண்டவர் பயப்படாமலிருக்க அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வேலையில் ஒரு விதி.

"ஏதாவது பேசுப்பா. எனக்கு மூச்சு முட்டுது" என்றார் டாக்டரம்மா.

என்ன பேசுவது? அவன் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். செருப்பைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பயிற்சி வகுப்பு, ஹாலுக்கு வந்த தலையணை, ஒற்றைத் தட்டு, பீரோவில் திரும்ப மாட்டிய நீலச் சட்டை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. இப்போது மூச்சு முட்டியது அவனுக்கு. உள்ளே இருந்தவர் தன் பயத்தை மறந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை என்னைக் கூப்பிடலைங்க டாக்டர். கூப்பிட்டிருந்தா கட்டின துணியோட போயிருப்பேன்."

"அவங்க முதல்ல என்னதான் கேட்டாங்க? அப்படியே சொல்லு."

"'வேற ஊரு. போகலாமா?'ன்னு அனுமதி கேட்டாங்க. நான் எங்கப்பா மாதிரி தடுக்கலை. உங்க இஷ்டம்னு மரியாதையாச் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

மேலே ஸ்பேனர் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கியிருந்தான். பெட்டி மெல்ல இறங்கியது. செருப்பு, சேலை, கைப்பை, கடைசியாக டாக்டரம்மாவின் முகம் கதவு இடுக்கில் வந்து நின்றது.

"போகட்டுமான்னு கேட்டாத்தாம்பா அனுமதி, போகலாமான்னா, உன்னையும் சேத்துக் கூப்பிட்டிருக்காங்க."